குக்கி: 'அக்செப்ட் ஆல்' தட்டினால் என்ன நடக்கிறது? கட்டுப்பாடு உண்மையில் எங்கே இருக்கிறது?

மதிய இடைவேளையில் ஒரு ஷாப்பிங் தளத்தில் மிக்ஸி விலை பார்க்கிறீர்கள். வாங்கவில்லை. மாலையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், அங்கே அதே மிக்ஸி. மறுநாள் காலை செய்தித் தளத்தில் இரண்டு பத்திகளுக்கு நடுவே அதே மாடல், அதே நிறம்.

மிக்ஸி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். வேலை மாறலாமா என்று ராத்திரி சும்மா ஒரு வேலைவாய்ப்புத் தளத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள் டீம் மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். ஓரத்தில் அந்த வேலைவாய்ப்பு விளம்பரம் வந்து நிற்கிறது. மேனேஜரும் பார்க்கிறார். தனிநபர் கடன், குழந்தையின்மை சிகிச்சை, மனநல ஆலோசனை என்று நீங்கள் யாருக்கும் சொல்லாமல் தேடிய எதுவும், வீட்டில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் லேப்டாப்பில் இப்படி வந்து நிற்கலாம்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது குக்கி என்ற சின்ன எழுத்துத் துண்டு. 'குக்கிகளை ஏற்கிறீர்களா?' என்று கேட்கும் பெட்டியைத் தினமும் பார்க்கிறோம். படிக்க யாருக்கு நேரம்? 'அக்செப்ட் ஆல்' தட்டிட்டு போயிட்டே இருக்கோம். அந்தப் பெட்டியில் நமக்கு இருக்கும் அதிகாரம் குறைவு. பிரவுசரின் செட்டிங்ஸுக்குள், பலரும் ஒருமுறைகூடத் திறந்திராத ஒரு பக்கத்தில் இருக்கும் அதிகாரம் அதைவிட அதிகம்.

செருப்பு டோக்கன் மாதிரி

இணையதளங்களுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அதை அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்டால், முன்பு கேட்டதும் நீங்கள்தான் என்பது அதற்குத் தெரியாது. இணையம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. கட்டுரை படிக்க இது போதும், கடை நடத்தப் போதாது. ஒரு சட்டையை கார்ட்டில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கார்ட் காலியாக இருக்கும்.

1994ஆம் ஆண்டு, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் குக்கி. புரோகிராமர்கள் மத்தியில் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தின்கிற பிஸ்கட்டோடு நேரடி உறவு எதுவும் இல்லை.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பெயர் தெரியாது. 47 என்று ஒரு டோக்கன் தருவார். திரும்பி வந்து அதை நீட்டினால் உங்கள் செருப்பு வரும். குக்கியும் இதேதான். முதல்முறை போகும்போது தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு நீளமான எண்ணைக் கொடுத்து வைக்கிறது. அடுத்தடுத்துப் போகும்போதெல்லாம் பிரவுசர் அதை நீட்டுகிறது. கார்ட், லாகின், மொழித் தேர்வு எல்லாம் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன.

குக்கிக்குள் உங்கள் பாஸ்வேர்டு இருக்குமா என்று பலர் கேட்பதுண்டு. ஒழுங்காகக் கட்டப்பட்ட தளத்தில் இருக்காது. டோக்கன்தான் உங்கள் பிரவுசரில், விவரங்கள் அவர்கள் சர்வரில். ஒரு குக்கியின் அளவும் ஏறத்தாழ 4 கேபி-தான். அது ஒரு புரோகிராம் இல்லை, வைரஸும் இல்லை. சில குக்கிகள் பிரவுசரை மூடியதும் போய்விடும். சிலவற்றுக்குக் காலாவதித் தேதி இருக்கும். முன்பெல்லாம் பல ஆண்டுகளுக்குத் தேதி போட்டு வைப்பார்கள். 2022 முதல் குரோமில் 400 நாட்கள்தான் உச்சவரம்பு.

மாண்டுல்லி இன்னொன்றையும் யோசித்திருந்தார். ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரே நிரந்தர அடையாள எண் கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எல்லாத் தளங்களும் அந்த ஒரே எண்ணை வைத்து ஆளைப் பின்தொடரும் என்பதால் அந்த வழியை அவர் ஒதுக்கினார். அதனால்தான் ஒரு தளம் வைத்த குக்கியை அந்தத் தளம் மட்டுமே படிக்க முடியும் என்ற விதி வந்தது.

அப்புறம் மிக்ஸி எப்படி பின்னாலயே வருது?

விதியை யாரும் மீறவில்லை. அதிலேயே ஒரு சந்து இருந்தது.

நீங்கள் திறக்கும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து செய்தி நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும், வீடியோ வேறொரு இடத்திலிருந்து, விளம்பரம் விளம்பர நெட்வொர்க்கின் சர்வரிலிருந்து. உங்கள் பிரவுசர் இந்த ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்கிறது. கேட்கும்போது, அந்தந்த சர்வரும் தன் பங்குக்கு ஒரு குக்கியை வைக்கலாம். முகவரிப் பட்டையில் நீங்கள் பார்ப்பது ஒரு பெயர், டோக்கன் கொடுப்பவர்கள் பலர். இப்படி வெளியாள் வைப்பதுதான் தேர்ட் பார்ட்டி குக்கி.

ஊரில் உள்ள எல்லாக் கோயில், மண்டபம், தியேட்டர் வாசலிலும் செருப்பு ஸ்டாண்ட் கான்ட்ராக்ட் ஒரே ஆளுக்கு என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களுக்குக் கொடுப்பது எங்கேயும் செல்லும் ஒரே 47. உங்கள் பெயர் இன்னமும் அவருக்குத் தெரியாது. ஆனால் 47 வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலில் இருந்தார், சனிக்கிழமை எந்தப் படம் பார்த்தார், எந்தக் கல்யாணத்துக்குப் போனார் என்பதெல்லாம் தெரியும். எங்காவது ஒரு இடத்தில் நீங்கள் போன் நம்பரையும் கொடுத்தால் கதை முடிந்தது.

மிக்ஸி கதை இதுதான். ஷாப்பிங் தளத்தில் விளம்பர நெட்வொர்க்கின் கோடு இருந்தது. உங்கள் எண்ணுக்கு எதிரே 'மிக்ஸி பார்த்தார், வாங்கவில்லை' என்று அது குறித்துக்கொண்டது. ஸ்கோர் தளத்தில் விளம்பர இடம் காலியாக இருந்தபோது, பிரவுசர் அதே நெட்வொர்க்கிடம் போய் அதே எண்ணை நீட்டியது. அந்த இடம் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் விடப்பட்டு, மிக்ஸிக்காரர் வாங்கிவிட்டார்.

இது வரும் என்று தெரியாமல் இல்லை. குக்கிகளுக்கான முதல் தர ஆவணம் 1997இல் வந்தபோதே, இந்த வெளியாள் குக்கிகளை பிரவுசர்கள் இயல்பாக அனுமதிக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. அன்றைய பெரிய பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் இதன் மேல் தொழிலைக் கட்டத் தொடங்கியிருந்தன. அந்த டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007இல் கூகுள் அறிவித்தது. அடுத்த ஆண்டு குரோம் பிரவுசரையும் கூகுளே வெளியிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்தித் தளங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பெரும்பாலான செய்திகளுக்கு விளம்பரம்தான் பணம் கொடுக்கிறது. என் சம்பளத்திலும் அதற்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இடையில் ஒரு சந்தேகம்: விமான டிக்கெட்டை இரண்டாவது முறை தேடினால் குக்கியைப் பார்த்து விலையை ஏற்றிவிடுகிறார்களா? விலை ஏற குக்கி தேவையே இல்லை. ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலைப் படிகளில் விற்கப்படுகின்றன. குறைந்த படி தீர்ந்தால் அடுத்த படி தெரியும். இன்காக்னிட்டோவில் போய்ப் பார்த்தாலும் தீர்ந்த டிக்கெட் திரும்பி வராது.

அந்தப் பெட்டி எங்கேயிருந்து வந்துச்சு?

ஐரோப்பாவிலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுத் தனியுரிமை விதிகள் 2009இல் திருத்தப்பட்டபோது, அத்தியாவசியமற்ற குக்கிகளுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்றானது. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் அமலுக்கு வந்ததும் பெட்டிகள் பெருகின. உலகம் முழுவதும் வாசகர்கள் வைத்திருக்கும் தளங்கள் அதே பெட்டியை எல்லோருக்கும் காட்டத் தொடங்கின. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து நீங்கள் தட்டும் அந்தப் பட்டன் பெரும்பாலும் அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

ஐரோப்பாவிலேயே இது சண்டையில்லாமல் நடக்கவில்லை. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரு க்ளிக், மறுக்கப் பல க்ளிக் என்று வைத்திருந்ததற்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. கடைசியில் பெட்டிகளால் எல்லோரும் அலுத்துப்போனார்கள். பிரவுசரிலேயே ஒருமுறை விருப்பத்தைச் சொல்லிவிட்டால் எல்லாத் தளங்களும் அதை மதிக்க வேண்டும் என்ற யோசனையை 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்வைத்தது.

பெட்டியின் அடிப்படைச் சிக்கல் எளிமையானது. அதை வைப்பதும், உங்கள் பதிலின்படி நடப்பதும் அந்தத் தளமேதான். 'ரிஜெக்ட்' தட்டியபின் அவர்களின் கோடு உண்மையிலேயே நிறுத்துகிறதா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை நினைவில் வைக்கவும் ஒரு குக்கி வேண்டும். அதனால்தான் குக்கிகளை அழித்ததும் பெட்டி மறுபடி முளைக்கிறது.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டது. அந்தக் கணக்கின்படி 2027 மே.

சட்டத்தில் குக்கி என்ற சொல் கிடையாது. ஒருவரை அடையாளம் காணக்கூடிய தரவு எல்லாம் தனிநபர் தரவு என்கிறது அது. உங்கள் லாகினோடு இணைந்த குக்கி எண் அதில் அடங்கும் என்பதில் சந்தேகம் குறைவு. பெயரே இல்லாத வெறும் 47 அடங்குமா என்பதில்தான் வாதம் நடக்கும்.

அடங்கும் என்றால், இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அதாவது தமிழிலும். தமிழில் நடக்கும் தளங்களிலேயே குக்கி அறிவிப்பு ஆங்கிலத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பளிச்சென்று பெரிய 'அக்செப்ட்', தேடினாலும் கிடைக்காத 'ரிஜெக்ட்' என்ற தந்திரம் இதன் முன் நிற்காது. இப்படி ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கும் வடிவமைப்பை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 'டார்க் பேட்டர்ன்' பட்டியலும் தடை செய்கிறது.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. எதிரே இருப்பது குழந்தை என்று தளத்துக்கு எப்படித் தெரியும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கூகுள் சொன்னதும் செய்ததும்

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் வெளியாள் குக்கிகளை முழுவதுமாக அடைத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பா என்ற ஏற்பாட்டை எல்லோருக்கும் கொண்டுவந்தது. எல்லா வாசலிலும் செல்லும் ஒரே 47 அங்கே வேலைக்கு ஆகாது.

குரோமும் இரண்டு ஆண்டுகளில் நிறுத்தும் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. 2023க்குத் தள்ளிப்போனது. பிறகு 2024, பிறகு 2025. 2024 ஜூலையில் நிறுத்தும் திட்டத்தையே கைவிட்டு, பயனரிடம் கேட்கப்போகிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில் தனியாகக் கேட்கப்போவதும் இல்லை என்றார்கள். விளம்பர நிறுவனமும் பிரவுசரும் ஒரே கையில் இருப்பதால்தான் இத்தனை தயக்கம் என்று நான் நினைக்கிறேன். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குக்கியை அடைத்தால் கூகுள் மட்டும் பலம் பெறும் என்று போட்டி விளம்பர நிறுவனங்கள் முறையிட்டன, பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பும் தலையிட்டது.

இந்தியாவில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது குரோம். அதில் நீங்களாகப் போய் மாற்றாதவரை எதுவும் மாறாது.

சரி, செட்டிங்ஸுக்குள்ள போவோம்

கம்ப்யூட்டரில் குரோம் என்றால் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்', அதில் 'பிளாக்'. ஒரு நிமிட வேலை. மொபைல் குரோமிலும் செட்டிங்ஸுக்குள் இதே பெயரில் இருக்கும், பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும். ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸில் 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும், யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'ஸ்டாண்டர்ட்' போதும், கூடுதலாக வேண்டுமென்றால் 'ஸ்ட்ரிக்ட்'.

இதைச் செய்தபின் கார்ட் காலியாகாது, லாகின் போகாது. அவையெல்லாம் அந்தந்தத் தளத்தின் சொந்தக் குக்கிகள். எப்போதாவது, ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தைப் பதித்து வைத்த லாகினோ பேமென்ட் பக்கமோ மக்கர் பண்ணும். அப்போது முகவரிப் பட்டையில் தெரியும் குறியீட்டைத் தட்டி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

எல்லாக் குக்கிகளையும் மொத்தமாக அழிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லா இடத்திலும் லாக்-அவுட் ஆகி, ஒவ்வொன்றுக்கும் ஓடிபி தேடி, கடுப்பாகி, அந்த வாரமே பழைய வழிக்குத் திரும்பிவிடுவோம். அதே செட்டிங்ஸ் பக்கத்தில் தளம் வாரியான பட்டியல் இருக்கிறது. ஒருமுறை திறந்து பாருங்கள். பெயரே கேள்விப்படாத எத்தனை பேர் உங்கள் பிரவுசரில் டோக்கன் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். வேண்டாதவற்றை மட்டும் அழிக்கலாம்.

பெட்டி வரும்போது 'ரிஜெக்ட்' கண்ணில் பட்டால் அதைத் தட்டுங்கள், நஷ்டம் இல்லை. கண்ணில் படாவிட்டால் பத்து நிமிடம் தேட வேண்டியதும் இல்லை. செட்டிங்ஸை மாற்றியிருந்தால், வெளியாள் குக்கி விஷயத்தில் நீங்கள் அவசரத்தில் 'அக்செப்ட்' தட்டினாலும் பிரவுசர் தடுத்துவிடும்.

டோக்கன் திருடு போனால்?

விளம்பரத்தை விடப் பெரிய ஆபத்து இங்கேதான். செருப்பு ஸ்டாண்டில் டோக்கனை நீட்டுபவருக்குத்தான் செருப்பு, ஆள் யாரென்று பார்க்க மாட்டார்கள். லாகின் குக்கியும் அப்படியே. அதை யாராவது நகலெடுத்துத் தங்கள் பிரவுசரில் வைத்தால், பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர் என்று தளம் நம்பும்.

2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற பிரபல யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. ஸ்பான்சர்ஷிப் விவரம் போலத் தெரிந்த ஒரு ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்தார். அதிலிருந்த மால்வேர் பிரவுசரில் இருந்த லாகின் டோக்கன்களை அள்ளிக்கொண்டு போனது. சற்று நேரத்தில் சேனலில் ஈலான் மஸ்க் பெயரில் கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. தொழில்நுட்பத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு நடந்தது இது.

கிராக் செய்த சாஃப்ட்வேர், முன்பின் தெரியாத எக்ஸ்டென்ஷன், ஆஃபர் லெட்டர் என்று வரும் ஜிப் ஃபைல், இவைதான் இந்த மால்வேர் நுழையும் வழக்கமான வாசல்கள். ஏதோ தவறாகத் திறந்துவிட்டோம் என்று தோன்றினால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காதீர்கள். வேறொரு கருவியிலிருந்து உள்ளே போய், 'எல்லா டிவைஸிலிருந்தும் சைன்-அவுட்' என்ற வசதியைத் தட்டுங்கள். திருடன் கையில் இருக்கும் பழைய டோக்கன் அப்போதுதான் செல்லாக்காசாகும்.

ஜெராக்ஸ் கடையில் ரெஸ்யூமே பிரின்ட் எடுக்க மெயிலைத் திறந்துவிட்டு, டேபை மட்டும் மூடிவிட்டு வருவதும் இந்த ரகம்தான். டேபை மூடுவது லாக்-அவுட் ஆகாது, டோக்கனை மேஜையிலேயே விட்டுவிட்டு வருவது போல. வங்கித் தளம் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று எரிச்சலூட்டுவதும் இதற்காகத்தான்.

குக்கியை அடைச்சாலும் அடைபடாதவை

இன்காக்னிட்டோ, மூடியதும் குக்கிகளை அழித்துவிடும். குரோமில் அது வெளியாள் குக்கிகளையும் இயல்பாகவே தடுக்கும். ஆனால் நீங்கள் போகும் தளத்துக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும், இணையச் சேவை நிறுவனத்துக்கும் நீங்கள் மறைவதில்லை. இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் தகவலையும் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

குக்கியே இல்லாமல், ஸ்கிரீன் அளவு, ஃபான்ட், பிரவுசர் பதிப்பு போன்றவற்றைக் கூட்டி உங்கள் கருவியை அடையாளம் காணும் வித்தையும் உண்டு. ஃபிங்கர்பிரின்டிங் என்பார்கள். இதை முழுவதும் தடுக்கும் ஸ்விட்ச் எதுவும் கிடையாது. சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் ஓரளவு குறைக்கின்றன. அதோடு, கூகுள் அல்லது ஃபேஸ்புக் அக்கவுன்ட்டில் லாகின் செய்தபடியே உலாவினால், அந்த நிறுவனங்கள் உங்களை அறிய வெளியாள் குக்கி அவசியமில்லை. கூகுள் அக்கவுன்ட்டின் 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் தனிப்பயன் விளம்பரங்களை அணைக்கும் வசதி இருக்கிறது.

நம்மில் பலர் பிரவுசரை விடச் செயலிகளில்தான் அதிக நேரம் இருக்கிறோம். அங்கே இந்த வேலையைச் செய்வது போனின் விளம்பர அடையாள எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடலில் 'ஆட்ஸ்' என்று அடியுங்கள், 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' வரும். ஐபோனில் 2021 முதல் ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டாக வேண்டும். 'ஆஸ்க் ஆப் நாட் டு டிராக்' என்ற அந்தக் கேள்வியே வர வேண்டாம் என்றால், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிராக்கிங்' பகுதிக்குப் போய் மொத்தமாக அணைத்துவிடலாம்.